சுவரில் வைத்த கை

சுவருக்குள் தேனீ இருக்கிறதா என்று பார்க்க இப்போது ஒரு கேமரா வந்திருக்கிறது. சுவருக்கு நேரே பிடித்தால் சூடான இடம் ஆரஞ்சாகவும் குளிர்ந்த இடம் நீலமாகவும் தெரியுமாம். நான் ஓய்வு பெற்ற இடத்துக்கு வந்திருக்கும் ஷோபா போன வாரம் போன் செய்து சொன்னாள். எனக்குச் சந்தோஷம். எங்கள் காலம் மாதிரி வருமா என்று அலுத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை. அந்தக் கேமரா நாலு வருஷம் முன்னாடி வந்திருந்தால் ஒரு அம்மாள் ஒன்றரை மாதம் தன் வீட்டை விட்டுவிட்டு வேறெங்கோ படுத்துக் கிடந்திருக்க வேண்டியதில்லை.

ஷோபா இன்னொன்றும் கேட்டாள்.

"அண்ணா, பழைய ரிஜிஸ்டர் பாத்துட்டிருந்தேன். பிரேசர் டவுன்ல ஒரு வீட்டுக்கு மாசாமாசம் போயிருக்கீங்க. ஒவ்வொரு தடவையும் அதே ஒரு வரிதான். ஒரு எழுத்துகூட மாறல. புதன்கிழமை கேமரா எடுத்துட்டு அங்கதான் மொதல்ல போறோம். அதுக்கு முன்னாடி சொல்லுங்க, அங்க நிஜமாவே ஏதாவது இருக்கா?"

போனில் சொல்கிற விஷயமில்லை, எழுதித் தருகிறேன் என்றேன். ஆகவே ஷோபா, இது உனக்காக எழுதியது. மற்றவர்கள் படித்தாலும் பரவாயில்லை. வேலையில் இருந்தபோது ஒளித்ததை இனியும் ஒளிக்க எனக்குத் தெம்பில்லை.

நான் ஸ்ரீராம்புரத்துக்காரன். நகரசபையில் முதலில் செய்தது கொசு மருந்துப் புகை அடிக்கிற வேலை. பதினாறு வருஷம். தோளில் மாட்டுகிற அந்த மிஷினின் சத்தத்தை ஒருமுறை கிட்டே நின்று கேட்டவர்கள் மறுமுறை கேட்க விரும்ப மாட்டார்கள். நான் தினம் இரண்டு வேளை காதோரம் வைத்துக்கொண்டு நடந்தேன். காதில் பஞ்சு வைத்தால் தெருவில் ஹாரன் கேட்காது என்று அதையும் வைக்கவில்லை. வீட்டில் என் மனைவி, "உங்ககூடப் பேசணும்னா மைக்செட் வாடகைக்கு எடுக்கணும்" என்பாள். கேட்கிற சக்தி குறைந்தது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், காதுக்குள் ஓர் இரைச்சல் வந்து குடியேறிவிட்டது. ஓயாத ரீங்காரம். டாக்டர் பார்த்துவிட்டு, இது போகாது, கண்டுகொள்ளாமல் இருக்கப் பழகுங்கள் என்றார். பழகிக்கொண்டேன். நன்றாகவே பழகிக்கொண்டேன்.

பிறகு மரப்பிரிவில் தேனீப் புகார்கள் அதிகமாகி ஆள் போதாமல் என்னை அங்கே மாற்றினார்கள். புகைக்குப் பயப்படாதவன் என்பது ஒன்றுதான் என் தகுதி. அங்கே சூப்பர்வைசர் கெம்பையா. மண்டியா பக்கத்துக்காரர், கன்னடம் கலந்து தமிழ் பேசுவார். முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்து, "பம்பை வெளியே வை. அந்தச் சட்டையையும் கழட்டி வெளியே வை. உன் மேலே மருந்து நாத்தம் இருக்கு. அவங்க கிட்டே போகமுடியாது" என்றார். அவர் தேனீ என்று சொல்லவே மாட்டார். எப்போதும் 'அவங்க'தான்.

குரலை உயர்த்தாத மனிதர். கூடு இருக்கும் ஓட்டைக்கு நேரே நிற்க மாட்டார், பக்கவாட்டில்தான் நிற்பார். வேலைக்குப் போகிற நாளில் நாங்கள் வாழைப்பழம் தின்னக் கூடாது. ஒரு தேனீ கொட்டினால் அந்த இடத்தில் வாழைப்பழ வாசனை போல ஒன்று எழும், அதை மோந்து மற்றதும் கொட்ட வரும் என்பார். நான் முதலில் சிரித்தேன். பிறகு ஒருநாள் கையில் ஒரு கொட்டு வாங்கிக்கொண்டு மோந்து பார்த்தேன். அதே வாசனைதான். அன்றிலிருந்து எனக்கு வாழைப்பழம் இறங்குவதில்லை.

புகார் வந்தால் போனிலேயே மூன்று கேள்வி கேட்பார். எப்போது வந்தது? கொத்தாகத் தொங்குகிறதா, அடை தெரிகிறதா? யாராவது கை வைத்தார்களா? முக்கால்வாசி முடிவு அதிலேயே கிடைத்துவிடும். அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் ஸ்கூட்டர் ஹேண்டிலில் பலாப்பழம் அளவுக்கு ஒரு கொத்து வந்து உட்கார்ந்துவிட்டது. பட்டறைக்காரர் மண்ணெண்ணெய் டப்பாவோடு நின்றார். கெம்பையா போய்ப் பார்த்தார். அடை இல்லை. "இவங்க குடியிருக்க வரலை. வீடு தேடிட்டு வழியில் உக்காந்திருக்காங்க" என்று ஒரு ஸ்டூலை வாங்கிப் போட்டு நாள் முழுக்க அந்த ஸ்கூட்டருக்குக் காவல் உட்கார்ந்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு வெயில் ஏறியதும் கொத்து அவிழ்ந்து மேலே போய்விட்டது. ஸ்கூட்டரில் ஒரு கறைகூட இல்லை.

மாடிக் கட்டடங்களில் வெளியே பெரிய ஒற்றை அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. இங்கே ஹெஜ்ஜேனு என்பார்கள். கிட்டே போனால் அதன் மேல் ஓர் அலை ஓடும், அதைப் பார்த்ததும் பின்வாங்க வேண்டும். இருட்டான பொந்தில், சுவருக்குள், மீட்டர் பெட்டிக்குள் பல அடைகளை வரிசையாகக் கட்டுவது அடுக்குத்தேனீ. கன்னடத்தில் துடுவெ. சாதுவான ஜாதி. ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க கெம்பையா ஒரு முறை வைத்திருந்தார். முதலில் சுவரில் காது வை. அடுத்து கை வை. சந்தேகப்படுகிற இடத்தில் உள்ளங்கையை அழுத்தி நூறு எண்ணு, பிறகு ஒரு முழம் தள்ளி வைத்து நூறு எண்ணு. அவர்கள் குஞ்சுகளை நம் உடம்புச் சூட்டில் வைத்திருப்பார்கள், சுவர் காட்டிக்கொடுத்துவிடும். கடைசியாக வெளியே போய் வெயில் வரும்வரை உட்கார். வெயிலில் யார் எந்த ஓட்டைக்குள் போகிறார்கள் என்று பார். காது, கை, வெயில். மூன்றும் முடியாமல் ரிஜிஸ்டரில் எழுதக் கூடாது.

பிரேசர் டவுன் வீட்டில் நான் காதை மட்டும் வைத்துவிட்டு எழுதினேன்.

அது ஒரு நவம்பர் காலை. தூறல். பழைய ஓட்டு வீடு, உயரமான கூரை. அதில் தனியாக இருந்தவர் பிலோமினா மிஸ். கான்வென்டில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எழுபத்தைந்து வயதிருக்கும். வாசலில் என்னை எதிர்கொண்டவர் அவருடைய அண்ணன் மகன் வின்சென்ட். ஓசூர் ரோட்டில் ஃப்ளாட், ஐ.டி. வேலை. கெட்டவர் இல்லை. தூக்கமில்லாத முகம்.

என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "சார், ஆன்ட்டி மூணு வாரமா பெட்ரூம் சுவருக்குள்ள யாரோ இருக்காங்கன்னு சொல்றாங்க. மேஸ்திரியைக் கூட்டிட்டு வந்து காட்டினேன், ஒண்ணுமில்லைன்னுட்டார். தேனீயா இருக்கலாம்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க. நீங்க பாத்து எழுதிக் கொடுத்திடுங்க. இல்லைன்னா இல்லைன்னு. தனியா விட எனக்கு பயமா இருக்கு. ஒரு நல்ல ஹோம்ல பேசி வெச்சிருக்கேன்" என்றார்.

நான் எழுதப்போகிற ஒரு சொல்லில் அந்த அம்மாள் இந்த வீட்டில் இருப்பதா இல்லையா என்பது தொங்குகிறது என்று எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

படுக்கையறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை, மாதா படம். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் முன்பு ஓர் அலமாரி இருந்ததாம். கரையான் அரித்ததால் கதவைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்து மேலே பூசி வெள்ளையடித்திருந்தார்கள். பார்த்தால் வெறும் சுவர். மிஸ் அதன் முன்னால் நின்றிருந்தார். வெளுத்த காட்டன் புடவை, கையில் ஒரு பென்சில். சுவரில் சின்னச் சின்னப் பென்சில் புள்ளிகள். சத்தம் வந்த இடங்களையெல்லாம் குறித்து வைத்திருக்கிறார். என் பெயர் கேட்டார், செல்வராஜ் என்றேன்.

"நாலு மணிக்கு மேல சத்தம் ஏறும்" என்றார். "காலைல மெதுவாத்தான் இருக்கும். ஃபேன் ஓடுற மாதிரி. அது பழகிடுச்சு. ஆனா நடுவுல ஒருத்தி கூப்பிடுறா, செல்வராஜ்."

"கூப்பிடுறாளா?"

"நீளமா ஒரு தடவை. அப்புறம் சின்னச் சின்னதா நாலஞ்சு தடவை. கூப்பிட்டுட்டு நிறுத்திடுவா. யாராவது பதில் சொல்றாங்களான்னு கேக்குற மாதிரி. அவ கூப்பிடுறப்ப உள்ள இருக்குற மத்த சத்தம் மொத்தமும் நின்னுபோகுது. அதுதான் எனக்கு பயமா இருக்கு."

கதவருகில் நின்ற வின்சென்ட் என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். பார்த்தீர்களா, இதைத்தான் சொன்னேன் என்பது போல.

சுவரில் காது வைத்தேன். இரைச்சல் கேட்டது. காதை எடுத்தேன். அப்போதும் கேட்டது. மறுபடி வைத்தேன், எடுத்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வருஷக்கணக்காகக் கூடவே இருக்கிற என் இரைச்சல்தான் இது என்று முடிவு செய்தேன். உண்மையைச் சொல்லப்போனால், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த இரைச்சல் சட்டென்று நின்றது. என் காதில் இத்தனை வருஷத்தில் அது நின்றதே இல்லை. இரண்டு மூன்று விநாடி ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம் திரும்பி வந்தது. அந்த அறையை விட்டு உடனே வெளியே போய்விட வேண்டும் போலிருந்தது.

"கேக்குதா?" என்றார் மிஸ். "ஹானஸ்டா சொல்லுங்க."

"இல்லை, மிஸ்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பென்சிலை மேஜைமேல் வைத்தார்.

கை வைக்கவில்லை. வெளியே போய்ப் பார்த்தது ஒப்புக்குத்தான். அந்தப் பக்கம் அடுத்த மனையில் கட்டட வேலை நடந்ததால் உயரமாகத் தகரம் அடித்து மறைத்திருந்தார்கள். தூறலில் தேனீ பறக்காது, வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும். நான் காத்திருக்கவில்லை. 'தேனீ இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வின்சென்ட் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டார். ஆபீசில் கெம்பையா, "கை வெச்சியா?" என்று கேட்டார். வைத்தேன் என்றேன்.

டிசம்பர் முதல் வாரம் மிஸ்ஸை ஹோமில் சேர்த்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

ஜனவரியில் ஒரு காலை, நல்ல குளிர். ஆபீஸ் ஷெட்டில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பேச்சு பேய் பிசாசு பக்கம் திரும்பியது. நானும் என் பங்குக்கு அந்த வீட்டைப் பற்றிச் சொன்னேன். சுவருக்குள் ஒருத்தி கூப்பிடுகிறாளாம், நீளமாக ஒன்று, சின்னதாக நாலைந்து, அப்போது மற்ற சத்தமெல்லாம் நின்றுவிடுமாம் என்று குரலை மாற்றி நடித்தே காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். கெம்பையா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அந்தம்மா இப்படியே சொன்னாங்களா? மத்ததெல்லாம் நின்னுபோகுதுன்னு?"

"ஆமா ஸார்."

"செல்வா, புது ராணி வெளியே வந்தா அப்படித்தான் கூப்பிடுவா. நீளமா ஒண்ணு, சின்னதா நாலஞ்சு. அவ கூப்பிட்டா கூட்டிலே இருக்கிற அத்தனை பேரும் நின்ன இடத்திலே நிப்பாங்க. நானே ரெண்டு தடவைதான் கேட்டிருக்கேன். இவங்களைப் பத்திப் புஸ்தகம் படிக்காத ஒருத்தர் இதைச் சும்னே சொல்லமுடியாது." என் பக்கம் திரும்பினார். "நீ கை வெச்சியா, இல்லவா?"

"வைக்கலை ஸார்" என்றேன்.

திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எழு" என்றார்.

வின்சென்ட் சாவியோடு வந்தார். அந்த அறை ஒரு மாதத்துக்கு மேலாகப் பூட்டிக் கிடந்தது. வெளியே இருந்ததைவிட உள்ளே குளிர் அதிகம், தரையில் கால் வைக்க முடியவில்லை. பென்சில் புள்ளிகள் அப்படியே இருந்தன. கெம்பையா கட்டில் ஓரம் உட்கார்ந்துகொண்டு, "நீயே வை" என்றார்.

முதலில் ஒரு முழம் தள்ளி வைத்தேன். சுவர் பனிக்கட்டி. பிறகு புள்ளிகளுக்கு நடுவே உள்ளங்கையை வைத்தேன். காய்ச்சல் வந்த குழந்தையின் நெற்றி போலிருந்தது. ஆளில்லாத, பூட்டிய, சில்லிட்ட அறையில் அந்த ஒரு இடம் மட்டும் உயிரோடு இருந்தது. கையை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. நூறு எண்ணுவதற்குள் அழுதுவிட்டேன்.

அன்று பிற்பகலே வேலையை ஆரம்பித்தோம். வெயில் வந்ததும் தகரத்துக்கு மேலே எக்கிப் பார்த்தால், வென்டிலேட்டர் மூலையில் விரல் நுழைகிற இடுக்கில் போவதும் வருவதும் நன்றாகத் தெரிந்தது. தேங்காய் நாரில் கொஞ்சம்போலப் புகை போட்டு, பூச்சை மெதுவாகத் தட்டி எடுத்து, பலகையின் ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினோம். பலகை விலகியதும் ஒரு சூடான மூச்சு முகத்தில் அடித்தது. மெழுகும் தேனும் கலந்த வாசனை. பழைய அலமாரித் தட்டுகளுக்கு நடுவே ஏழு அடை, புத்தகம் அடுக்கின மாதிரி. கெம்பையா ஒவ்வொரு அடையாகக் கத்தியால் அறுத்துக் கொடுக்க, குஞ்சிருக்கும் அடைகளை நான் மரச் சட்டத்தில் வைத்து வாழைநாரால் கட்டிப் பெட்டிக்குள் இறக்கினேன். நாலாவது அடையில் ராணி இருந்தாள். அவளைப் பெட்டிக்குள் விட்டதும் மற்றவர்கள் தாங்களாகவே வரிசையாக உள்ளே போக ஆரம்பித்தார்கள். வெளியே போனவர்கள் திரும்புவதற்காகப் பெட்டியைப் பொழுது சாயும்வரை அங்கேயே வைத்திருந்தோம்.

ஓர் அடையின் அடியில் நிலக்கடலை போல ஒரு கூடு காய்ந்து தொங்கியது. அதன் மூடி வட்டமாக அறுக்கப்பட்டிருந்தது. கெம்பையா அதைக் கிள்ளி என் கையில் வைத்தார். "கூப்பிட்டவ இதிலிருந்துதான் வந்தா" என்றார்.

வின்சென்ட் கட்டிலில் உட்கார்ந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டிருந்தார். "நான்தானே அவங்களை அனுப்பிச்சேன்" என்றார். கையெழுத்து என்னுடையது என்று சொன்னேன்.

போகும்முன் கெம்பையா ஒன்று சொன்னார். மெழுகு வாசனை அந்தப் பொந்தில் வருஷக்கணக்கில் இருக்கும், வழியில் போகிற கூட்டம் அதை மோந்து வந்துவிடும், ஆகவே அலமாரியைச் செங்கல் வைத்து நிரப்பி, இடுக்கையும் அடைத்துவிட வேண்டும் என்றார். அதைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு என்னுடையது.

மறுநாள் நானும் வின்சென்டும் ஹோமுக்குப் போனோம். சுத்தமான இடம், நல்லவர்கள். மிஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதத்தில் பத்து வயது கூடியிருந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். அந்தக் காய்ந்த கூட்டைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோயிருந்தேன், அதைக் கொடுத்தேன். கண்ணருகில் வைத்துப் பார்த்தார்.

"இங்க வந்ததும் சத்தம் நின்னுபோச்சு செல்வராஜ். அப்ப வின்சென்ட் சொன்னதுதான் கரெக்ட், எல்லாம் என் மண்டைக்குள்ளதான் இருந்திருக்குன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன். கண்ணாடி பாக்கக்கூட பயமா இருந்துச்சு." பிறகு என்னை நேராகப் பார்த்தார். "அன்னிக்கு உங்களுக்குக் கேட்டுச்சுதானே? உங்க முகத்துல பாத்தேன்."

"நின்னது கேட்டுச்சு, மிஸ்" என்றேன். "என் காதுன்னு நெனச்சுட்டேன்."

அவர் திட்டவில்லை. அவரும் கெம்பையா மாதிரிதான். அந்த வாரமே வீட்டுக்குத் திரும்பினார். அலமாரியை நிரப்பச் செங்கல் இறக்கியபோது, வேண்டாம், பழையபடி பலகை அடித்துப் பூசினால் போதும் என்றார். காரணம் சொல்லவில்லை. நான் வற்புறுத்தவில்லை. வென்டிலேட்டர் இடுக்கை அடைக்கச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. தெரிந்தேதான் விட்டேன்.

ஜூலையில் வின்சென்ட் மறுபடி கூப்பிட்டார். அதற்குள் கெம்பையா ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். வெளியே சாரல், சில்லென்ற காற்று. மிஸ் அதே சுவருக்கு முன்னால் நின்றிருந்தார்.

"மத்த சத்தம் ஒண்ணுமே இல்ல" என்றார். "அவ மட்டும்தான். தனியா கூப்பிடுறா."

பலகைக்குப் பின்னால் வெறும் அலமாரி. நாங்களே வழித்துத் துடைத்தது. காது வைத்தேன், என் இரைச்சல். கை வைத்தேன், சில்லென்று இருந்தது. ஒரு முழம் தள்ளி வைத்தேன், அதே சில். நூறும் நூறும் ஒழுங்காக எண்ணினேன். வெளியே வந்து வெயில் எட்டிப் பார்க்கும்வரை ஒரு மணி நேரம் நின்றேன். இடுக்கில் ஒரு ஈ, எறும்புகூட இல்லை. அன்றைக்குத்தான் கெம்பையா சொன்ன மூன்றையும் முழுசாகச் செய்தேன்.

வின்சென்ட் வாசலில் காத்திருந்தார். "இருக்கா சார்? இல்லைன்னா சொல்லிடுங்க. போன தடவை மாதிரி ஆகக் கூடாது. ஆனா இல்லாததைக் கேக்குறாங்கன்னா நான் டாக்டர்கிட்ட காட்டித்தான் ஆகணும், தனியா விட முடியாது."

உள்ளே மிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே நின்றிருந்தார். தோள் மட்டும் இறுகியிருந்தது.

"இருக்கு" என்றேன்.

ரிஜிஸ்டரில் எழுதினேன்: 'துடுவெ, சிறு கூடு, தொந்தரவில்லை, கலைக்க வேண்டாம், மாதம் ஒருமுறை பார்வை.' ஷோபா, நீ படித்த வரி இதுதான்.

மாதாமாதம் போனேன். முப்பது மாதம். ஒவ்வொரு தடவையும் கை வைத்து நூறு எண்ணுவேன், தள்ளி வைத்து நூறு எண்ணுவேன். கோடையில் சுவர் முழுக்க ஒரே சூடு, மழையில் முழுக்க ஒரே குளிர். அந்த இடம் ஒருநாளும் தனித்துத் தெரிந்ததில்லை. மிஸ் டீ போட்டுக் கொடுப்பார். நன்றாகத்தான் இருந்தார். காலையில் மாதா கோயில், பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு டியூஷன், மார்க்கெட். கூப்பிடுகிறாளா என்று கேட்டால், "ம்" என்பார். சில நாள் நான் சுவரில் கை வைத்து நிற்கும்போது அவர், "இப்ப" என்பார். எனக்கு ஒன்றும் கேட்காது. ஆனால் இரண்டு தடவை, நான் சத்தியமாகச் சொல்கிறேன், அவர் 'இப்ப' என்ற நேரத்தில் என் காது இரைச்சல் நின்றது. என் மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை.

ஓய்வு பெறுகிற மாதம், ஜனவரி, கடைசித் தடவையாகப் போனேன். மேலே வெயில் இருந்தாலும் உள்ளே குளிர். பழக்க தோஷத்தில் கையை வைத்து எண்ண ஆரம்பித்தேன். பத்தைக்கூடத் தாண்டவில்லை.

சுவர் சூடாக இருந்தது.

ஒரு முழம் தள்ளி வைத்தேன். பனிக்கட்டி. திரும்ப இங்கே. சூடு. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன். வென்டிலேட்டர் இடுக்கில் ஒன்று நுழைந்தது, இரண்டு வெளியே வந்தன, பிறகு ஆறு ஏழு.

உள்ளே வந்தபோது மிஸ் டீயோடு நின்றிருந்தார்.

"போன மாசம் நீங்க வந்துட்டுப் போன மறுநாள் அவ கூப்பிடுறது நின்னுபோச்சு" என்றார். "மத்தியானம் வெளிய பெரிய சத்தம். வந்து சேந்துட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

மிஸ் டீயை மேஜையில் வைத்துவிட்டுச் சுவரருகில் வந்தார். தன் உள்ளங்கையை, என் கை இருந்த அதே இடத்தில், தேடாமல் வைத்தார்.

"ஒவ்வொரு தடவையும் நீங்க கேட்டைச் சாத்திட்டுப் போனப்புறம் நானும் வெச்சுப் பாப்பேன், செல்வராஜ். நூறு எண்ணுவேன். முப்பது தடவையும் அந்த இடமும் மத்த இடமும் ஒண்ணாத்தான் இருந்துச்சு." கையை எடுக்காமலே, "தேங்க்ஸ்" என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்து ரிஜிஸ்டரைப் பிரித்தேன். எழுத வேறு ஒன்றும் இல்லை. அதே வரியைத்தான் எழுத வேண்டியிருந்தது. கை நடுங்கியது. ஷோபா, புதன்கிழமை நீ கேமரா பிடிக்கும்போது அலமாரி இருந்த இடம் ஆரஞ்சாகத் தெரியும். கலைக்காதே, அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. போகும்முன் ரிஜிஸ்டரை இன்னொரு தடவை பார். கடைசி வரியில் மட்டும் என் எழுத்து கோணலாக இருக்கும். அது ஒன்றுதான் நிஜம்.